குறுக்குப் பாதையில் குவித்த மிலாறு

போன வருடம் வரை பூண்டுலோயா பஜாரில் என் கடைக்கு வந்து விஜிதரன் எங்கே என்று யாராவது கேட்டால், வாசலுக்குக் கூட்டிவந்து மேலே கையைக் காட்டுவேன். அண்ணாந்து பார்த்தால் தேயிலை மலையில் ஒரு சிவப்புத் தொப்பி வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் சிலர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளில் வருவார்கள். இப்போதும் அவன் அதே வேலையைத்தான் செய்கிறான். நான்தான் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது.

என் பெயர் ஷிஹாம். விஜிதரன் என்னை நானா என்பான், எங்கள் வழக்கில் அண்ணன். வாப்பா காலத்து இரும்புக்கடை. ஆணி, பைப், மண்வெட்டி, சைக்கிள் சாமான் எல்லாம் இருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு பழைய வேன் நிற்கிறது, கேட்டால் ஹயருக்கும் போவேன். விஜிதரன் மேல் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடக் களிசானோடு திரிந்த நாளிலிருந்தே அவனை எனக்குத் தெரியும். செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கடை வாசலில் உட்கார்ந்து தானே பூட்டுவான். கேட்காமல் என் குறடை எடுப்பான், எடுத்த இடத்தில் வைக்க மாட்டான். அதற்காக நான் அவனை ஏசாத நாள் கிடையாது.

படிப்பு ஓ.எல்.லோடு நின்றுவிட்டது. கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனான். பிறகு மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஆளாகி, இங்கிலீஷையும் சிங்களத்தையும் நன்றாகப் பேசப் பழகிக்கொண்டான். கொரோனா வந்து ஹோட்டலை மூடியதும் ஊருக்குத் திரும்பினான். அந்தச் சமயம்தான் மேல் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை யாரோ எடுத்து வெளிநாட்டுக்காரர் தங்கும் இடமாக மாற்றினார்கள். தேயிலைக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதைகளில் விருந்தாளிகளை மலைச் சைக்கிளில் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அந்தப் பாதைகளில் விழுந்து எழும்பி வளர்ந்தவன் இவன். வேறு யாரை எடுப்பார்கள்?

வேலையில் அவன் கெட்டிக்காரன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் பிடிக்கும். ஒரு நாள் பிரேக் கட்டைகள் கொடுக்கப் பங்களாவுக்குப் போயிருந்தேன். புல்வெளியில் ஒரு ஜோடியை நிற்க வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். அவன் இங்கிலீஷ் எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் அவன் கையையும் காலையும் ஆட்டுவதைப் பார்த்தால் செவிடனுக்கும் புரியும். முதலில் காலுக்கு. கணுக்கால் மறைகிற சப்பாத்து, நீளக் களிசான், அதற்கு மேல் தடித்த கன்வஸ் துணியில் முழங்கால் வரை உறை. அந்த உறை அவனே தையல்காரரிடம் சொல்லித் தைத்தது. கொக்கி என் கடைச் சாமான். கால் மூடாதவரைச் சைக்கிளில் ஏறவே விடமாட்டான்.

பிறகு பாதைக்கு வந்தான். பாதையின் நடுவில் ஓடுங்கள், ஓரத்துச் சருகில் சில்லை விடாதீர்கள் என்றான். நிற்பதென்றால் மண் தெரிகிற இடமாகப் பார்த்துக் கால் ஊன்ற வேண்டுமாம். புல்லில் சாய்த்த சைக்கிளைத் திரும்ப எடுக்குமுன் ஒரு உதை உதைக்க வேண்டுமாம். விழுந்தால் கையை எங்கே ஊன்றுகிறோம் என்று பார்க்க வேண்டுமாம். விழுகிறவன் எப்படிப் பார்ப்பான் என்று நான் குறுக்கே கேட்டேன். அவன் என்னை முறைத்துவிட்டுத் தொடர்ந்தான். குவிந்து கிடக்கிற விறகு, கல், சருகு எதிலும் உட்காராதீர்கள், கை வைக்காதீர்கள் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னான். பாம்பைக் கண்டால் தள்ளி நில்லுங்கள், அது தன் வழியே போகும். கடித்துவிட்டால் ஓடக்கூடாது, வெட்டக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம், தள்ளி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் டொக்டருக்கு உதவும். இவ்வளவையும் பாட்டுப் போலச் சொல்லி முடித்தான்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்த முதல் ஆள் அவன் மாமியார் மீனம்மா. விஜிதரனின் மனைவி சுலோஜினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிறவள். அவளைப் பெற்றவர்தான் மீனம்மா. அவரும் அவர்களோடு லயத்தில் ஒரே காம்பராவில் இருந்தார், கொழுந்தெடுக்கும் வேலை. வாய் என்றால் அப்படியொரு வாய். கூடைக்குக் கயிறு வாங்கக் கடைக்கு வந்தால் போதும், மருமகனை ஒரு பிடி பிடிக்காமல் போகமாட்டார்.

"மொதலாளி, எங்க மாப்பிள்ள தொரமாரு காலுக்கு உறை தைக்கிறாராமே. கத்திக்குத்தான் உறை போடுவாங்க, காலுக்குமா?"

விஜிதரனும் அங்கேதான் ரிம் ஒன்றை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாம்பு கடிக்காம இருக்கத்தான் அத்த. நீங்களும் மலைக்குச் செருப்போட போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இந்த மலையில நிக்கிறேன். என்னப் பாத்தா பாம்பே ஒதுங்கிப் போவும்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவன் ஒருமுறை, விருந்தாளி ஒருத்தி விட்டுப்போன நல்ல பூட்ஸ் ஒன்றை மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவரும் அதைப் போட்டுக்கொண்டு காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் நின்றிருக்கிறார். வேலைக்கு ஆள் பிரிக்கிற கங்காணி, "தொரசாணி வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க" என்றாராம். அன்று முழுக்க மலையில் அதே பேச்சு. சாயங்காலம் கட்டிலுக்கடியில் போன பூட்ஸ் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு விஜிதரன் வீட்டில் பாம்புப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டான். கேலிக்கு ஆளாக யாருக்குத்தான் பிடிக்கும்.

போன வருடம் அவன் சைக்கிள் ஓட்டும் மலையில் கவ்வாத்து வெட்டினார்கள். தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்டால் குச்சியெல்லாம் தரையில் விழுந்து கிடக்கும். அதைத்தான் மிலாறு என்பார்கள். அது காய்ந்ததும், வேலை விட்டு வரும் பெண்கள் ஆளுக்கொரு கட்டு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போவார்கள். கேஸ் விலை ஏறிய பிறகு பல வீட்டில் அடுப்புக்கு அதுதான் விறகு. ஆனால் பாதையில் கிடக்கும் மிலாறு சைக்கிள் சில்லுக்குள் போனால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். விஜிதரன் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டுக்கொண்டு பாதை முழுவதையும் சுத்தம் செய்தான். அள்ளியதை எங்கேயாவது தள்ளியிருந்தால் இந்தக் கதையே இல்லை. லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை சைக்கிள் பாதையைத் தொடுகிற வளைவுக்கு, அவ்வளவையும் முதுகில் சுமந்து வந்து குவித்தான். மழை படாமல் ஒரு நீலத் தார்ப்பாய்ப் படங்கையும் மேலே இழுத்துக் கட்டினான்.

மாமியாருக்காகத்தான். மீனம்மாவுக்கு இடுப்பு வலி. மலைக்குள் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டாம், வருகிற வழியில் நின்றபடியே உருவிக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். அன்று மீனம்மா என் கடைக்கு வந்தபோது வாயில் கேலி இல்லை. "மாப்பிள்ள நல்ல மனுசன் மொதலாளி. எனக்கு ஒரு மகன் இருந்தாலும் இதச் செஞ்சிருக்க மாட்டான்" என்றார். நான் அதை அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் வந்த சந்தோஷம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. குறடைக்கூட அன்று எடுத்த இடத்தில் வைத்தான்.

இனிமேல் சொல்வதில், நான் நேரில் காணாததெல்லாம் அவன் பிற்பாடு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னது.

குவித்துக் கொஞ்ச நாளில் அந்த வளைவில் விருந்தாளிகளோடு இறங்கியபோது, படங்கின் ஓரத்தில், சருகோடு சருகாக ஒரு குட்டை விரியன் சுருண்டு கிடந்திருக்கிறது. ஒரு முழம்கூட இருக்காது. மண் நிறம், மூக்கு நுனி மேலே தூக்கினாற்போல இருக்கும். அவன் கண் பழகிய கண், உடனே பிடித்துவிட்டது. எல்லாரையும் பாதையிலேயே தள்ளி நிறுத்திக் காட்டினான். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், அவனும் எடுத்தான். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் பங்களா முழுக்க அந்தப் பாம்பைப் பற்றித்தான் பேச்சாம். மறுநாள் போனவர்களும் பாம்பு வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் அங்கேயே இருக்கிறது. அந்தச் சாதி அப்படித்தான், ஒரு இடம் பிடித்துவிட்டால் லேசில் நகராது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த வளைவில் நிற்பது வழக்கமாகிவிட்டது. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இருந்த நாளில் விருந்தாளிகள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

"அத்தைக்கிட்ட சொன்னியா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"இல்ல நானா."

"ஏன்?"

"சொன்னா அத்தைக்கு வாய் நிக்காது நானா. லயமே கம்போட வந்து அடிச்சுப் போட்டிரும். அப்புறம் வர்றவங்களுக்கு நான் எதக் காட்றது? அதோட, மறுபடியும் பாம்புப் பேச்சு எடுத்தா சிரிப்பாங்க. வெறகு இன்னும் ஈரமாத்தானே கெடக்கு, காஞ்சப்புறந்தான் எடுப்பாங்கன்னு நெனச்சேன். காயிறதுக்குள்ள எடத்த மாத்திரலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அவன் முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு வாரம் அது. சாயங்காலம் அவன் இரண்டு விருந்தாளிகளோடு மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறான். தூரத்தில், கீழே வளைவில், மீனம்மா தெரிகிறார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, படங்கை மடித்துப் போட்டு, குச்சி உருவிக்கொண்டிருக்கிறார். இவன் பிரேக்கைப் பிடித்து நின்று, "அத்த, கைய எடுங்க" என்று கத்தினான். அவ்வளவு தூரத்துக்கு என்ன கேட்கும். மருமகன் தன்னைக் கண்டுவிட்டுக் கூப்பிடுகிறான் என்று நினைத்து அவர் நிமிர்ந்து கையை ஆட்டினார். சிரித்தார் என்றும் அவன் சொன்னான். பிறகு மறுபடி குனிந்தார்.

விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு, அவர்களுக்குச் செய்யாதே என்று சொன்னதையெல்லாம் செய்துகொண்டு, பாதையை விட்டுச் செடிக்குள் பாய்ந்து அவன் இறங்கியிருக்கிறான். போய்ச் சேர்ந்தபோது மீனம்மா மண்ணில் உட்கார்ந்து வலது கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு குத்திருச்சு மாப்பிள்ள. இந்தா இவ்வளவுதான்."

விரலில் இரண்டு புள்ளி. அவர் கண்ணெதிரிலேயே வீங்கிக்கொண்டு வந்தது. இவன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினான், சைக்கிள் பம்பை அணை கொடுத்துக் கழுத்துத் துணியால் கையைக் கட்டினான், அசையக்கூடாது என்றான், எனக்குப் போன் எடுத்தான். நான் வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சேலைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டு என்று ஒருவர், கீழே விஷக்கடி வைத்தியரிடம் கொண்டுபோ என்று ஒருவர். இவன் யாரையும் கிட்டே விடவில்லை. சுலோஜினி பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓடிவந்து வேனில் ஏறினாள். மீனம்மா அப்போதும் பேசிக்கொண்டேதான் வந்தார். "மாப்பிள்ள, உறையக் கைக்குத் தச்சிருக்கணும் போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா. கையைப் பார்த்துவிட்டு என்ன பாம்பு என்று கேட்டார். மீனம்மா பார்க்கவில்லை, பாம்பும் குவியலுக்குள் போய்விட்டது. விஜிதரன் போனை எடுத்து நீட்டினான். அவர் ஒரு படத்தைப் பார்த்தார், தள்ளி அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார், இது தெரிந்தது பெரிய நல்ல காரியம், இந்தப் பாம்புக்கு இங்கே இருக்கும் மருந்தூசி வேலை செய்யாது, தெரியாமல் போட்டிருந்தால் அதுவே உடம்புக்குக் கேடாகியிருக்கும். படம் எடுத்தது புத்திசாலித்தனம் என்று அவனைப் பாராட்டினார். பாராட்டக் கேட்டு அவன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

டொக்டர் நகர்ந்ததும் சுலோஜினி போனை வாங்கினாள். படத்தில் பாம்புக்குப் பின்னால் நீலப் படங்கு. அடுத்த படத்தில் அதே படங்குக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரி பெருவிரலைக் காட்டிச் சிரிக்கிறாள். அடுத்ததில் வேறு ஆட்கள், அதே படங்கு.

"இது நம்ம படங்குதானே? எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் போனுக்குக் கையை நீட்டினான். அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. போனை அவன் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பெரும்பாலும் இந்தக் கடி வீக்கத்தோடு ஆறிவிடுமாம். மீனம்மாவின் நேரம், சிறுநீர் போவது நின்றது. கண்டிக்கு அனுப்பினார்கள். இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட்டார்கள். உயிர் தப்பிவிட்டது, ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. விரல் நுனி கறுத்து மரத்துப்போய்விட்டது, கொழுந்து கிள்ள அந்த விரல்தான் வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் வாராவாரம் கண்டிக்குப் போக வேண்டும் என்றார்கள். என் வேனில்தான் போய்வருகிறோம். விஜிதரன் மாமியாரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, தாங்கிப் பிடித்து இறக்குவான். வழியெல்லாம் பேச்சே இருக்காது. அந்த வாய் அப்படி அடைத்துப்போனதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

குவியலை அவன் எரித்துவிட்டான். பாம்பு அகப்படவில்லை. துரையிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, வெள்ளைக்காரருக்குச் சொல்வதையெல்லாம் தமிழில் சொன்னான். குவிந்த மிலாற்றுக்குள் கை விடாதீர்கள், முதலில் நீளக் கம்பால் கிளறுங்கள், கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றான். பெண்கள் எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். கங்காணிகூட வாய் திறக்கவில்லை. "யாராச்சும் சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் நானா" என்று கடைக்கு வந்து சொன்னான். பிறகு ரிம் ஒன்றை எடுத்து நிமிர்த்தத் தொடங்கினான்.

சுலோஜினி அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவன் என்று விட்டுவிட்டாள். அவனும் பல நாள் வாயெடுத்து, விழுங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் போன மாதம், கண்டியிலிருந்து திரும்பும்போது, தவலந்தென்னை சந்தியில் நான் தேத்தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். வேன் கதவு திறந்திருந்தது. அவன் எனக்கும் கேட்கும்படியே, "அத்த, அந்தப் பாம்பு அங்க இருக்கிறது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றான். படங்கு, படம், வெள்ளைக்காரர், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது என எல்லாவற்றையும் சொன்னான். நான் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

மீனம்மா கிளாசை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு, "அந்தப் படத்தக் காட்டுங்க மாப்பிள்ள" என்றார்.

மற்றதையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் அவன் வைத்திருந்தான். மீனம்மா இடது கையால் போனை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்துனூண்டுதானா?"

"ஆமா அத்த."

"இதப் பாக்க வந்தவங்கள கிட்டப் போக விடலியே?"

"விடல அத்த. பாதையிலயே நிக்க வச்சுதான் காட்டுனேன்."

"அதுவும் நல்லதுதான்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் கதவைச் சாத்தி, ஏறி, வேனைக் கிளப்பினேன். பூண்டுலோயா ரோட்டில் திரும்பியபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"நானும் அந்தப் பாதையிலதானே மாப்பிள்ள தெனமும் வந்தேன்."